மாதச் சம்பளமும் மாநகரச் செலவும்: வாசகர் கேள்வி பதில்

சென்னையில் மாதச் சம்பளத்தை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துவது பற்றி வந்திருந்த கடிதங்கள் பலவும் ஒன்றையொன்று தொட்டுச் செல்வதால், இந்த இதழில் அவற்றுக்கு மட்டுமே பதில் தருகிறோம். எல்லாம் வீட்டுக் கணக்கு என்பதால் எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை. ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம்.

கேள்வி: பத்தாண்டுகளுக்கு முன் என் கைக்கு வந்த சம்பளம் 45,000 ரூபாய். இன்று 90,000 ரூபாய் வருகிறது. அன்று மாதக் கடைசியில் கொஞ்சமாவது மிஞ்சியது. இன்று இருபதாம் தேதிக்குள் வங்கிக் கணக்கு காலியாகிவிடுகிறது. விலைவாசி ஆண்டுக்கு ஐந்து சதவீதம் அளவில்தான் ஏறுகிறது என்கிறார்கள். அந்தக் கணக்கு தவறா, என் கணக்கு தவறா? (வேளச்சேரி வாசகர்)

பதில்: இரண்டும் சரியான கணக்குகள்தாம். ஆனால் அவை இரு வேறு குடும்பங்களைப் பற்றியவை.

விலை உயர்வை அளக்கும் நுகர்வோர் விலைக் குறியீட்டெண் ஒரு சராசரிக் குடும்பத்தின் செலவுக் கூடையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட நகர்ப்புறக் குறியீட்டெண்ணில் உணவுக்கும் பானங்களுக்கும் 36.29 சதவீதமும், வீட்டு வசதிக்கு 21.67 சதவீதமும், கல்விக்கு 5.62 சதவீதமும் இடம் ஒதுக்கப்பட்டிருந்தன. பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கு அனுப்புகிறவர்கள், பள்ளிக்குப் போகும் பிள்ளைகளே இல்லாதவர்கள், பிள்ளைகள் படித்து முடித்து வேலைக்குப் போய்விட்டவர்கள் என எல்லாரையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் கல்விக்கு அந்த அளவுதான் வரும். உங்கள் கடிதத்துடன் இணைத்திருக்கும் செலவுப் பட்டியலிலோ, நான்காம் வகுப்பில் இருக்கும் மகளுக்கும் யு.கே.ஜி. படிக்கும் மகனுக்கும் பள்ளிக் கட்டணம், வேன் கட்டணம் எல்லாம் சேர்த்து மாதத்துக்கு 18,700 ரூபாய் ஆகிறது. அது சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று மேல். ஆகவே பள்ளிக் கட்டணம் பத்து சதவீதம் ஏறினால் பொதுக் குறியீட்டெண் அதை லேசாகத்தான் உணரும். உங்கள் குடும்பத்துக்கு அதுவே அந்த ஆண்டின் சம்பள உயர்வில் கணிசமான பகுதியைத் தின்றுவிடும்.

இனி, சம்பளத்துக்கு வருவோம். ஆண்டுக்கு ஐந்து சதவீத விலையேற்றம் பத்தாண்டுகள் தொடர்ந்தால், அன்று 45,000 ரூபாய்க்கு வாங்கியதை இன்று வாங்கச் சுமார் 73,000 ரூபாய் வேண்டும். உங்களுக்கு 90,000 வருகிறது. எனவே விலைவாசிக்கு ஈடுகொடுத்த பிறகும் மாதம் ஏறக்குறைய 17,000 ரூபாய் கூடுதலாகவே சம்பாதிக்கிறீர்கள். அந்தக் கூடுதல் முழுவதையும், அதற்கு மேல் ஓராயிரத்து எழுநூறையும், பள்ளியும் வேனும் எடுத்துக்கொண்டுவிட்டன. பத்தாண்டுகளுக்கு முன் அந்தச் செலவு உங்கள் வீட்டில் இல்லவே இல்லை.

மற்றவற்றையும் பாருங்கள். வாடகையும் அடுக்கக பராமரிப்புக் கட்டணமும் 26,500. கார் கடனுக்கு மாதத் தவணை 9,800. ஊரில் இருக்கும் பெற்றோருக்கு அனுப்புவது 6,000. காப்பீட்டுப் பிரீமியம் 3,500. பள்ளிச் செலவையும் சேர்த்தால் 64,500 ரூபாய் ஆகிறது. இதில் ஒரு ரூபாயைக்கூட நீங்கள் அந்த மாதத்தில் யோசித்துச் செலவழிப்பதில்லை. ஐந்தாம் தேதிக்குள் தானாகவே போய்விடுகிறது. எஞ்சிய 25,500 ரூபாயில்தான் மளிகை, பால், காய்கறி (17,000), பெட்ரோல் (5,000), மின்சாரம், தொலைபேசி, இணையம் (3,500) எல்லாம் நடக்கின்றன. கூட்டிப் பார்த்தால் சரியாக 90,000 வருகிறது. மருந்துக்கும், தீபாவளிக்கும், உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்கும் அந்தப் பட்டியலில் இடமே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? இருபதாம் தேதி பணம் தீர்ந்துபோவதற்குக் காரணம் உங்கள் ஊதாரித்தனம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இப்படிப்பட்ட குடும்பங்களுக்குப் பத்திரிகைகளில் வழக்கமாகச் சொல்லப்படும் யோசனை, வெளியே காபி குடிப்பதை நிறுத்துங்கள், ஓட்டலுக்குப் போவதைக் குறையுங்கள் என்பது. உங்கள் பட்டியலில் அப்படி நிறுத்துவதற்கு எதுவும் இல்லை. வீடு, பள்ளி, வாகனம் ஆகிய மூன்று முடிவுகளில் ஒன்றை மாற்றினால்தான் கணக்கு மாறும். கார் கடன் இரண்டு ஆண்டுகளில் முடிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். முடிந்த அடுத்த மாதமே அதே 9,800 ரூபாயைத் தொடர் வைப்புக் கணக்கில் போடத் தொடங்குங்கள். புதிய காருக்கு மாற்றித் தருகிறோம் என்று விற்பனையாளர் அழைக்கும் காலமும் அதுவாகவே இருக்கும். பள்ளியை மாற்றச் சொல்லும் உரிமை எங்களுக்கு இல்லை. ஆனால் கட்டணத்தைத் தலைப்புவாரியாகப் பிரித்து ரசீது கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. தனியார் பள்ளிகளின் கட்டண வசூலை முறைப்படுத்தத் தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன்படி அமைந்த குழுவும் இருக்கின்றன. கல்விக் கட்டணத்தைத் தவிர, புத்தகம், சீருடை, சிறப்புப் பயிற்சி என்ற பெயர்களில் வாங்கப்படும் தொகைகளே பல வீடுகளில் ஜூன் மாதத்தை உலுக்குகின்றன.

கேள்வி: என் அப்பா எப்போதும் "நாம் நடுத்தர வர்க்கம்" என்கிறார். அவர் மாதம் ஒன்றரை லட்சம் வாங்குகிறார். எங்கள் வீட்டில் சமைக்க வரும் அம்மாவும் தன்னை நடுத்தரம் என்றே சொல்லிக்கொள்கிறார். உண்மையில் யார் நடுத்தர வர்க்கம்? (அண்ணா நகர், கல்லூரி மாணவி)

பதில்: அரசு இதற்கென்று ஒரே எல்லையை வகுத்து வைக்கவில்லை. பிரைஸ் என்ற ஆய்வு நிறுவனம், 2020–21-ஆம் ஆண்டு விலையில், ஆண்டுக்கு 5 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாய் வரை வருமானமுள்ள குடும்பத்தை நடுத்தரக் குடும்பம் என்று வரையறுத்தது. அந்தக் கணக்கின்படி நாட்டு மக்களில் 31 சதவீதத்தினர் அதற்குள் வந்தனர். மாதம் 42,000 ரூபாயில் இருப்பவரும் இரண்டரை லட்சத்தில் இருப்பவரும் ஒரே பெயரில் அடங்கிவிடுகிறார்கள் என்பது அந்த வரையறையின் வசதி, குறையும் அதுவே.

மற்றோர் எண்ணையும் பாருங்கள். 2022–23-இல் நடந்த வீட்டு நுகர்வுச் செலவு ஆய்வில் தமிழ்நாட்டு நகரங்களில் ஒருவருக்கான சராசரி மாதச் செலவு 7,630 ரூபாய். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு 30,500 ரூபாய் அளவில் வருகிறது. மேலே எழுதியிருக்கும் வேளச்சேரி வாசகர் அதைப் போல இரு மடங்குக்கு மேல் செலவழிக்கிறார்; உங்கள் வீட்டிலும் அதற்குக் குறையாது. உங்கள் அப்பா சொல்வது பொய்யில்லை. அவர் தன்னை அலுவலகத்திலும் அடுக்ககத்திலும் தனக்கு மேலே இருப்பவர்களோடு வைத்து அளக்கிறார். சமைக்க வருபவர் தமக்குக் கீழே இருப்பவர்களோடு அளக்கிறார். அவருக்குக் கடைசியாக எப்போது சம்பளம் உயர்த்தப்பட்டது என்பதை உங்கள் வீட்டில் விசாரித்துப் பாருங்கள்.

கேள்வி: வாடகை 18,000 ரூபாய், பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார்கள். ஆண்டுதோறும் பத்து சதவீதம் உயர்த்துவோம் என்கிறார்கள். ஒப்பந்தம் எழுத வேண்டாம், "நம்பிக்கைதான் முக்கியம்" என்கிறார் வீட்டு உரிமையாளர். காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வாராம். இதற்கெல்லாம் சட்டம் இருக்கிறதா? (பெரம்பூர் வாசகி)

பதில்: இருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, நில உரிமையாளர் மற்றும் குத்தகைதாரர் உரிமைகள், பொறுப்புகளை முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ளது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். இணையவழிப் பதிவுக்கும் வசதி உண்டு. முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது.

இந்தக் கடைசி வரியைச் சொன்னதும் பலர் மகிழ்ந்துவிடுகிறார்கள். அதற்கு முன்னால் ஒரு நிபந்தனை இருப்பதை மறந்துவிடுகிறார்கள். ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதப்படாதவரைக்கும்தான் அந்த மூன்று மாத வரம்பு. பத்து மாதம் என்று நீங்களே கையெழுத்திட்டுக் கொடுத்தால் பிறகு சட்டத்தைக் காட்டி வாதாடுவது கடினம். வாடகைத் தொகையையும் இந்தச் சட்டம் இருவரும் பேசி முடிவு செய்வதற்கே விட்டுவிட்டது. ஆகவே பேரம் பேச வேண்டிய நேரம் சாவியை வாங்குவதற்கு முன்னால்தான்.

பேரத்துக்கு உதவும் இரண்டு கணக்குகளைத் தருகிறோம். பத்து மாத அட்வான்ஸ் என்பது 1,80,000 ரூபாய். அதை வங்கியில் ஏழு சதவீத வட்டிக்குப் போட்டிருந்தால் ஆண்டுக்கு 12,600 ரூபாய் கிடைக்கும், மாதத்துக்கு 1,050. எனவே உங்கள் உண்மையான வாடகை 19,050 ரூபாய். இரண்டாவது, ஆண்டு உயர்வு. பத்து சதவீதம் வீதம் ஏறினால் ஐந்து ஆண்டு கழித்து வாடகை 28,990 ரூபாயைத் தொடும். ஐந்து சதவீதம் வீதம் ஏறினால் 22,970-இல் நிற்கும். மாதம் 6,000 ரூபாய் வித்தியாசம்! அட்வான்ஸில் இரண்டு மாதத்தைக் குறைக்கச் சொல்லிப் போராடுவதைவிட, உயர்வை ஐந்து சதவீதமாகக் குறைக்கச் சொல்லிக் கேட்பதே லாபம். திருப்பிக் கிடைக்க வேண்டிய பணத்துக்காக வாதாடும் அளவுக்கு, திரும்பவே வராத பணத்துக்காக யாரும் வாதாடுவதில்லை.

பெயின்ட் விஷயத்தில் வழக்கம் என்று சொல்லி ஒரு மாத வாடகையைக் கழிப்பது சென்னையில் பரவலாக நடக்கிறது. ஆறு மாதத்தில் காலி செய்தாலும் ஆறு ஆண்டு கழித்துக் காலி செய்தாலும் அதே தொகைதானா என்று கேட்டு, பதிலை ஒப்பந்தத்தில் எழுத வைத்துவிடுங்கள். மின்சாரத்தையும் கேளுங்கள். உங்கள் பகுதிக்குத் தனி மின் இணைப்பு இருக்கிறதா, அல்லது துணை மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று உரிமையாளர் வசூலிப்பாரா? வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கிடைக்கும் 100 யூனிட் இலவச மின்சாரம் துணை மீட்டர் வீடுகளில் பெரும்பாலும் வாடகைதாரரின் கைக்கு வந்து சேருவதில்லை. நம்பிக்கை நல்லதுதான், அதை முத்திரைத்தாளில் எழுதி வைத்துக்கொள்வதால் குறைந்துவிடாது என்று உரிமையாளரிடம் பணிவாகச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: நானும் மனைவியும் சேர்ந்து மாதம் 1,20,000 ரூபாய் கையில் வாங்குகிறோம். 22,000 ரூபாய் வாடகையில் இருக்கும் அதே மாதிரி வீடு, பக்கத்துத் தெருவில் 80 லட்சத்துக்கு விலைக்கு வருகிறது. "வாடகை கொடுப்பது தண்ணீரில் போடுவது" என்று மாமனார் சொல்கிறார். வாங்கலாமா? (மடிப்பாக்கம் வாசகர்)

பதில்: மாமனார் காலத்துக் கணக்கு வேறு. இன்றைய கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

80 லட்சம் ரூபாய் வீட்டுக்கு ஆண்டு வாடகை 2,64,000. அதாவது வீட்டின் விலையில் 3.3 சதவீதம். வீட்டுக் கடனுக்கு நீங்கள் கொடுக்கப்போவது எட்டரை சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு வங்கிகள் சொத்து மதிப்பில் 80 சதவீதம் வரைதான் தர முடியும். எனவே 64 லட்சம் கடன்; 16 லட்சம் உங்கள் கைப்பணம். பழைய வீடாக இருந்தால் முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் தனி. பத்திரத்தில் முழு விலையையும் காட்டினால் அது 7,20,000 ரூபாய். இதற்கு வங்கி கடன் தராது. ஆக, வீட்டுக்குள் காலெடுத்து வைப்பதற்கு முன்பே 23 லட்சத்துக்கு மேல் கையில் வேண்டும்.

64 லட்சத்துக்கு, இருபது ஆண்டுக்கு, மாதத் தவணை ஏறக்குறைய 55,500 ரூபாய். முதல் மாதத் தவணையைப் பிரித்துப் பாருங்கள்: 45,333 ரூபாய் வட்டி, அசலில் கழிவது பத்தாயிரத்துச் சொச்சம். வாடகை 22,000 ரூபாய் தண்ணீரில் போகிறது என்றால், தொடக்க ஆண்டுகளில் இந்த 45,000 எங்கே போகிறது என்று மாமனாரிடம் கேட்கலாம், மரியாதையோடு. இருபது ஆண்டில் நீங்கள் கட்டும் மொத்தத் தொகை 1 கோடியே 33 லட்சம்.

வீட்டின் விலை ஏறுமே என்பார்கள். ஏறுவது நிலத்தின் விலை. கட்டடத்துக்கு வயதாகிக்கொண்டே போகும். அடுக்கக வீட்டில் உங்கள் பெயருக்கு எவ்வளவு பிரிக்கப்படாத மனைப் பங்கு வருகிறது என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. மடிப்பாக்கம் வழியாக மெட்ரோ வருகிறது என்று தரகர் கட்டாயம் சொல்லியிருப்பார். 118.9 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாம் கட்டத்தில் மாதவரம்–சோழிங்கநல்லூர் வழித்தடம் அந்தப் பக்கம் போவது உண்மைதான். அந்த ரயில் ஓடத் தொடங்குவதற்கு முன்பே அதன் விலை அந்த 80 லட்சத்துக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டது என்பதும் உண்மை.

பணக் கணக்கு மட்டும் போதுமென்றால் இந்த வீட்டை இப்போது வாங்க வேண்டாம் என்று ஒரே வரியில் முடித்திருப்போம். ஆனால் வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு வேறு கவலைகளும் உண்டு. "மகன் வெளிநாட்டிலிருந்து வருகிறான், இரண்டு மாதத்தில் காலி செய்யுங்கள்" என்ற தொலைபேசி அழைப்பு அரையாண்டுத் தேர்வு நேரத்தில்தான் வரும். சைவர்களுக்கு மட்டும், குடும்பத்தினருக்கு மட்டும் என்று தொடங்கி, வாசலிலேயே சாதியையும் மதத்தையும் விசாரித்துத் திருப்பி அனுப்பும் வீடுகளில் ஏறி இறங்கிய ஒருவருக்கு, சொந்த வீட்டின் மதிப்பு 3.3 சதவீதத்தில் அடங்குவதில்லை. அவர் கூடுதல் விலை கொடுத்து வாங்குவதை முட்டாள்தனம் என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

எங்கள் தீர்ப்பு இது. உங்கள் இருவர் வருமானத்தில் தவணை 40,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. அதாவது கடன் 46 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இப்போது கேட்கும் தவணையோ வருமானத்தில் 46 சதவீதம்; இருவரில் ஒருவர் ஆறு மாதம் வேலையில்லாமல் இருந்தால் தாங்காது. வாடகைக்கும் தவணைக்கும் உள்ள வித்தியாசமான 33,500 ரூபாயை இரண்டு ஆண்டுகள் மாதந்தவறாமல் சேமித்துப் பாருங்கள். எட்டு லட்சம் சேரும். அதோடு, அந்தத் தவணையை உங்கள் குடும்பத்தால் கட்ட முடியுமா என்பதும் கடன் வாங்காமலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: 12 லட்சம் வரை வருமான வரி இல்லை என்றார்களே, உண்மையில் எவ்வளவு மிச்சம்? (தாம்பரம் வாசகர்)

பதில்: மாதச் சம்பளக்காரருக்கு 75,000 ரூபாய் நிலையான கழிவையும் சேர்த்தால், 2025–26 நிதியாண்டில் புதிய வரி முறையில் 12,75,000 ரூபாய் வரை வரி இல்லை. அதே சம்பளத்துக்கு முந்தைய ஆண்டில் அதே முறையில் 83,200 ரூபாய் வரி வந்திருக்கும். மாதம் 6,900 ரூபாய் மிச்சம். சிறிய தொகை இல்லை. ஆனால் இதனால் பயனடைவது ஆண்டுக்கு ஏழேமுக்கால் லட்சத்துக்கு மேல் வாங்குபவர்கள்தாம். அதற்குக் கீழே இருப்பவர்களுக்கு முன்பே புதிய முறையில் வரி இல்லை. 12,75,000 ரூபாயைத் தாண்டியவர்கள், வீட்டு வாடகைப்படிக் கழிவும் வீட்டுக் கடன் வட்டிக் கழிவும் பழைய முறையில்தான் முழுமையாகக் கிடைக்கும் என்பதால், இரண்டு முறைகளிலும் கணக்குப் போட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் நீங்கியிருக்கிறது. வரியில் மிஞ்சியதில் ஒரு பங்கைக் கொண்டு காப்பீட்டுத் தொகையை உயர்த்திக்கொள்வது நல்லது. அலுவலகம் தரும் காப்பீடு வேலையோடு போய்விடும்.

கேள்வி: எனக்குக் கையில் வரும் சம்பளம் 28,000 ரூபாய். ஒன்றரை வயதுக் குழந்தையின் காப்பகத்துக்கு 9,000, மின்சார ரயிலுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் 2,500, சமையலுக்கு உதவ வருபவருக்கு 4,000 போகிறது. "12,500 ரூபாய்க்காக ஏன் இந்த அலைச்சல், வேலையை விட்டுவிடு" என்கிறார் கணவர். அவர் அக்கறையோடுதான் சொல்கிறார். என்ன செய்யலாம்? (ஆவடி வாசகி)

பதில்: முதலில் கணக்கின் தொடக்கத்தையே திருத்திக்கொள்வோம். குழந்தைக் காப்பகச் செலவு ஏன் உங்கள் சம்பளத்திலிருந்து மட்டும் கழிக்கப்படுகிறது? குழந்தை இருவருக்கும் உரியது. சமையலை இருவரும் உண்கிறீர்கள். குடும்பச் செலவை மனைவியின் சம்பளத்தில் மட்டும் கழித்துப் பார்த்தால் எந்த மனைவியின் வேலையும் நஷ்டமாகத்தான் தெரியும்.

இனி, கண்ணில் படாமல் இருக்கும் வருமானம். உங்கள் அடிப்படைச் சம்பளம் 15,000 ரூபாய் என்று சம்பளச் சீட்டில் இருக்கிறது. அதில் 12 சதவீதமாக உங்கள் பங்கு 1,800 ரூபாயும், நிறுவனத்தின் பங்கு 1,800 ரூபாயும் மாதந்தோறும் வருங்கால வைப்பு நிதி அமைப்புக்குப் போகின்றன. நிறுவனத்தின் பங்கில் 1,250 ரூபாய் ஓய்வூதியக் கணக்குக்கும் மீதி வைப்பு நிதிக்கும் பிரிகிறது. ஆண்டுக்கு 43,200 ரூபாய். வைப்பு நிதிக்கு 2024–25-இல் 8.25 சதவீத வட்டி தரப்பட்டது. எனவே உங்கள் வேலை மாதம் தருவது 12,500 அல்ல, 16,100 ரூபாய்.

மூன்றாவது, காலம். காப்பகச் செலவு இன்னும் இரண்டு ஆண்டுகள்தாம் இந்த அளவில் இருக்கும். வேலையை விட்டால் திரும்பச் சேரும்போது இதே சம்பளத்தில் சேர முடியுமா என்பது சந்தேகமே. உங்கள் அலுவலகத்தில் குழந்தை பிறந்த பின் விட்டுப் போனவர்கள் எத்தனை பேர் அதே நிலையில் திரும்பினார்கள் என்று நினைத்துப் பாருங்கள். 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தில் சேர்க்கப்பட்டு, இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இருக்கும் விதி, ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் குழந்தைக் காப்பக வசதி செய்து தர வேண்டும் என்கிறது. பல நிறுவனங்கள் யாரும் கேட்காததால் செய்வதில்லை. நீங்கள் தனியாகக் கேட்பதைவிட, இளம் தாய்மார்கள் நான்கைந்து பேர் சேர்ந்து மனிதவளப் பிரிவுக்கு எழுதிக் கேட்பது பலன் தரும். ரயில் நிலையத்துக்குப் போய்வரச் சாதாரணக் கட்டணப் பேருந்து இருந்தால், பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து அதில் கட்டணம் இல்லை. ஷேர் ஆட்டோவில் பாதியாவது மிஞ்சும்.

அலைச்சல் தாங்க முடியவில்லை, உடல்நலம் கெடுகிறது என்பதற்காக வேலையை விட்டால் அது மதிக்க வேண்டிய முடிவு. 12,500 ரூபாய்தான் மிஞ்சுகிறது என்பதற்காக விட வேண்டாம்.

கேள்வி: கடன் அட்டையில் 60,000 ரூபாய் நிலுவை. குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டிவருகிறேன். நிலுவை குறையவே இல்லை. ஏன்? (போரூர் வாசகர்)

பதில்: மாதம் மூன்றரை சதவீத வட்டி என்றால் 60,000 ரூபாய்க்கு 2,100 ரூபாய். வட்டியின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 378 ரூபாய். மொத்தம் 2,478. நீங்கள் கட்டும் குறைந்தபட்சத் தொகை ஐந்து சதவீதம், அதாவது 3,000 ரூபாய். அசலில் குறைவது 522 ரூபாய். அந்த மாதம் அதே அட்டையில் ஒரு முறை பெட்ரோல் போட்டாலே அதுவும் திரும்ப ஏறிவிடும். வீட்டில் நகை இருந்தால் வங்கியில் நகைக் கடன் வாங்கி இந்த நிலுவையை ஒரே தவணையில் அடைத்துவிடுங்கள். அதன் வட்டி இதில் நான்கில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். நகையை அடகு வைப்பதைக் கௌரவக் குறைச்சலாக நினைப்பவர்கள் ஆண்டுக்கு 42 சதவீத வட்டி கட்டுவதை அப்படி நினைக்காதது வியப்பாகவே இருக்கிறது.

கேள்வி: என் மகன் மதுரையில் 38,000 ரூபாய் சம்பளத்தில் வேலை பார்க்கிறான், எங்களோடு இருக்கிறான். சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனம் 55,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறது. அனுப்பலாமா? (மதுரை வாசகர்)

பதில்: மகன் பெரியவர், முடிவு அவருடையது. கணக்கை மட்டும் நாம் போட்டுக் கொடுப்போம். கூடுதல் சம்பளம் 17,000 ரூபாய். நண்பர்களோடு வீட்டைப் பகிர்ந்துகொண்டால் அவர் பங்கு வாடகை, பராமரிப்பு, தண்ணீர் லாரிப் பணம் எல்லாம் சேர்த்து 9,000, மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு 8,000, போக்குவரத்துக்கு 1,500, மாதம் ஒருமுறை மதுரைக்கு வந்து போக 2,000. மொத்தம் 20,500. முதல் ஆண்டில் கையிருப்பு அதிகரிக்காது, சற்றுக் குறையும். மதுரையில் அம்மா கையால் சாப்பிடும் சாப்பாட்டுக்கு யாரும் பில் போடுவதில்லை என்பதால் அந்தச் சம்பளம் இத்தனை நாள் பெரிதாகத் தெரிந்தது.

ஆனால் மென்பொருள் துறையில் இரண்டாவது, மூன்றாவது வேலை மாற்றத்தில்தான் சம்பளம் தாவும். அதற்கான நிறுவனங்கள் அந்தச் சாலையில் அடுத்தடுத்து இருக்கின்றன. அந்தக் காரணத்துக்காகப் போவதானால் போகட்டும். முதல் ஆண்டிலேயே பணம் அனுப்புவார் என்று எதிர்பார்க்க வேண்டாம். அலுவலகத்துக்கு நாலைந்து கிலோமீட்டருக்குள் தங்கச் சொல்லுங்கள். தொலைவில் வாடகை குறைவு என்று போய், மோட்டார் சைக்கிளுக்குக் கடன் வாங்கினால் குறைந்த வாடகையைத் தவணை தின்றுவிடும். மாநகரப் பேருந்தில் 1,000 ரூபாய் மாதப் பாஸ் இருக்கிறது. அலுவலக வண்டியும் இல்லாவிட்டால் அதில் தொடங்கலாம்.

இன்னொன்று: அந்த 55,000 ரூபாய் எந்தக் கணக்கில் சொல்லப்பட்டது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆண்டு ஊதியத் தொகுப்பைப் பன்னிரண்டால் வகுத்துச் சொல்லியிருந்தால் நிறுவனத்தின் வைப்பு நிதிப் பங்கு, பணிக்கொடை, காப்பீட்டுப் பிரீமியம், ஆண்டுக் கடைசியில் கிடைத்தாலும் கிடைக்கும் ஊக்கத்தொகை எல்லாம் அதற்குள் அடங்கியிருக்கும். பிடித்தம் போக மாதந்தோறும் வங்கியில் வந்து விழுவது எவ்வளவு என்று சேருவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அது 48,000 என்று தெரியவந்தால் மேலே போட்ட கணக்கை அந்த எண்ணை வைத்து மறுபடி போட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.